நினைவுள்ள ஒலிப்பலகை

கண்ணில் படும் குறையைச் சபை மன்னிக்கும். காதில் படும் குறையை மன்னிக்காது. மேடையில் திரைச்சீலை சற்றே கோணலாகத் தொங்கினால் எவரும் எழுந்து போவதில்லை. பேச்சாளரின் குரல் மூன்றாம் வரிசைக்கு எட்டாவிட்டாலோ மண்டபமே சலசலத்து விடுகிறது. அப்படியிருந்தும் விழா எடுக்கும் நாம் அலங்காரத்துக்கு ஒரு வாரம் செலவிடுகிறோம். ஒலிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவும் மனமின்றி நிற்கிறோம். இந்த நிலை மாற வேண்டும் என்ற ஆசையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

நான் இயற்பியல் மாணவன். ஈரோட்டிலிருந்து திம்பம் மலை ஏறி மைசூருக்குப் படிக்க வந்தவன். விஜயநகரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடும் கடை ஒன்று உண்டு. நம் ஊர்ப் பக்கம் 'மைக்செட்' என்போமே, அதுதான். அதை நடத்துகின்ற அண்ணா கன்னடக்காரர். எனக்குக் கன்னடம் அரைகுறை. அவருக்குத் தமிழ் அரைகுறை. கம்பி சுற்றவும் பெட்டி தூக்கவும் விடுமுறை நாட்களில் உடன் சென்ற எனக்கு, இந்த இரண்டாண்டுகளில் அவர் ஒரு கலையையே கற்றுக் கொடுத்துவிட்டார். அக்கலையின் ஒரு சிறு பகுதியை, டிஜிட்டல் ஒலிப்பலகையில் 'ஸீன்' எனப்படும் காட்சிகளைச் சேமித்து ஆளும் முறையை, நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஒலிக்கும் இவ்வூருக்கும் பழைய உறவு உண்டு. 1935-ஆம் ஆண்டில் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி இங்கே தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதன் பெயர் ஆகாசவாணி. நாடு முழுவதற்குமான வானொலிக்குப் பிற்பாடு வழங்கிய பெயரும் அதுவே. இத்தகைய ஊரில் படிக்கும் நாம் ஒலியைப் பற்றி நாலு செய்தி அறிந்து வைத்திருப்பது பொருத்தந்தானே?

பலகை செய்யும் பணி

மேடையில் உள்ள ஒவ்வொரு மைக்கும் காற்றின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றி ஒரு கம்பியில் அனுப்புகிறது. அந்தக் கம்பிகள் யாவும் வந்து சேரும் இடமே ஒலிப்பலகை. பலகையில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு தனி வழி உண்டு. அந்த வழியில் ஒலிக்கு நான்கு வகை வேலைகள் நடக்கின்றன. முதலாவது 'கெயின்', மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னோட்டத்தை வேண்டிய அளவு பெருக்குவது. இரண்டாவது 'ஈக்யூ', கனத்த ஒலி, நடுவொலி, கீச்சொலி ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது. மூன்றாவது 'ஃபேடர்', மேலும் கீழும் தள்ளி, அவையோர் கேட்கும் அளவை நிர்ணயிப்பது. நான்காவதைப் பலர் அறியார். பாடுவோரின் காலடியில் அவர்களை நோக்கிச் சாய்த்து வைத்திருக்கும் சிறு ஒலிபெருக்கிக்கு 'மானிட்டர்' என்று பெயர். தம் குரலையும் சுருதியையும் அவர்கள் கேட்பது அதில்தான். அந்த மானிட்டருக்கு எந்த மைக் எவ்வளவு போக வேண்டும் என்பதையும் பலகையே தீர்மானிக்கிறது.

இவை எத்தனை அமைப்புகள் ஆகின்றன என்று கணக்கிட்டுப் பார்ப்போம். வாடகைக் கடைகளில் பரவலாகக் காணப்படும் பெஹ்ரிங்கர் எக்ஸ்-32 என்ற பலகையை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வெளிவந்த அதில் 32 வழிகள் உள்ளன. ஒரு வழிக்கு, ஈக்யூவின் நான்கு பகுதிகளுக்கும் பகுதிக்கு மூன்றாக 12 அமைப்புகள், கீழொலியை வெட்டும் வடிகட்டி 1, கெயின் 1, மானிட்டர் முதலியவற்றுக்குப் பிரித்தனுப்பும் பாதைகள் 16, ஃபேடர், ஒலியடக்கும் 'மியூட்' பொத்தான், இட வலப் பங்கீடு ஆகிய 3. ஆக மொத்தம் 33. முப்பத்திரண்டு வழிகளுக்கும் 1056! ஒன்றைத் திருத்த மூன்று விநாடி என்று கொண்டாலும், எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் திருத்த ஐம்பத்திரண்டு நிமிடங்களுக்கு மேலாகும். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் இடையே நமக்குக் கிடைப்பதோ இரண்டு நிமிடம்!

தசரா விழாவையொட்டி மானசகங்கோத்திரியின் திறந்தவெளி அரங்கில் நடக்கும் யுவ சம்பிரமத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஒரே மாலையில் எத்தனை கல்லூரிக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடை ஏறுகின்றன! ஒரு குழு இறங்கி மறு குழு ஏறும் அந்தச் சிறு இடைவெளிக்குள் ஆயிரம் அமைப்புகளையும் ஒரு மனிதன் கையால் சரி செய்ய இயலுமா? இயலாது. அங்கேதான் பலகையின் நினைவு கை கொடுக்கிறது.

காட்சி என்னும் பெயர்

'ஸீன்' என்ற சொல் நாடகத்திலிருந்து வந்தது. நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகங்களையும், யானைகளையே மேடையில் நடக்கவிட்ட குப்பி வீரண்ணாவின் 'குருக்ஷேத்திர'த்தையும் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அரண்மனைக் காட்சி முடிந்ததும் திரை விழும்; மறுபடி உயரும்போது அங்கே காடு நிற்கும். இடையில் திரைக்குப் பின்னே நடந்த பாடு பார்ப்பவருக்குத் தெரியாது. ஒலிப்பலகையிலும் அவ்விதமே. பட்டிமன்றத்துக்குரிய அமைப்பு ஒரு காட்சி; வில்லுப்பாட்டுக்குரிய அமைப்பு மற்றொரு காட்சி. பொத்தானைத் தொட்டதும் பலகை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடுகிறது. ஃபேடர்களுக்கு அடியில் சிறு மோட்டார்கள் இருப்பதால் அவை தாமாகவே ஏறி இறங்கித் தத்தம் இடத்தில் போய் நிற்கும். முதன்முறை காண்பவருக்கு ஏதோ மாயம்போல் இருக்கும்.

அமைப்புகளை நினைவில் வைக்கும் எண்ணம் புதியதன்று. 1851-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஹென்றி வில்லிஸ் என்பவர் ஒரு பெரிய குழல் ஆர்கனை வைத்தார். கட்டைவிரலால் ஒரு பித்தானை அழுத்தினால் குழல் வரிசைகள் கூட்டமாக மாறும் ஏற்பாடு அதில் இருந்தது. ஒலிப்பலகைக்கு இந்த வசதி பரவலாக வந்தது பின்னாளில். பழைய பலகையில் குமிழ் திரும்பியிருக்கும் கோணமே அதன் நினைவு. குமிழைத் திருப்பிவிட்டால் நினைவும் போயிற்று. ஆகவே ஃபேடரின் அருகே வெள்ளை டேப்பை ஒட்டிப் பென்சிலால் கோடு கிழிப்பார்கள். டிஜிட்டல் பலகையிலோ ஒவ்வொரு குமிழும் ஓர் எண். எண்ணை எழுதி வைக்கலாம், திரும்ப அழைக்கலாம். 1994-இல் யமாஹா நிறுவனத்தார் வெளியிட்ட 'புரோமிக்ஸ் 01' என்ற சிறு பலகை, மோட்டார் ஃபேடர்களையும் காட்சி நினைவையும் எளியோர் கைக்கும் எட்டச் செய்தது. இன்று எக்ஸ்-32 பலகை 100 காட்சிகளை நினைவில் கொள்கிறது, யமாஹாவின் சி.எல்., கியூ.எல். வகைப் பலகைகள் 300 காட்சிகளைக் கொள்கின்றன.

அடிப்படைக் காட்சி

நம் மன்றம் பொங்கல் விழா எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் நாட கீதமும் தமிழ்த்தாய் வாழ்த்தும், பிறகு வரவேற்புரை, அதன்பின் வாய்ப்பாட்டு, வில்லுப்பாட்டு, பட்டிமன்றம், இறுதியில் பதிவிசைக்கு நடனம். இதற்குக் காட்சிகளை எவ்வாறு அமைப்பது?

பலகையைத் தொடுமுன் ஒரு தாளை எடுக்க வேண்டும். எந்த மைக் எந்த வழியில் என்று எழுத வேண்டும். வழி 1 பேச்சு மேடை; 2 தொகுப்பாளரின் கம்பியில்லா மைக்; 3 பாடகர்; 4 வயலின்; 5, 6 மிருதங்கத்தின் இரு முகங்கள்; 7 தம்பூரா; 8 முதல் 12 வரை வில்லுப்பாட்டின் தலைமைப் பாடகர், வில், உடுக்கை, குடம், பின்பாட்டு; 13 முதல் 19 வரை பட்டிமன்ற நடுவரும் ஆறு பேச்சாளர்களும்; 20, 21 பதிவிசை. வாழ்த்துப் பாடுவோருக்குப் பட்டிமன்ற மைக்குகளில் இரண்டு போதும்.

விழா முடியும் வரை ஒரு மைக்குக்கு ஒரே வழி என்பது முதல் விதி. காட்சிக்குக் காட்சி வழியை மாற்றினால், நடுவில் ஏதேனும் ஒலிக்கவில்லை என்னும்போது எங்கே தேடுவது என்று தெரியாமல் கை நடுங்கும்.

பிறகு ஒவ்வொரு மைக்கிலும் உரியவரையே பேசவும் பாடவும் வாசிக்கவும் சொல்லி, கெயினையும் ஈக்யூவையும் சரி செய்ய வேண்டும். எல்லாம் ஆனதும் 'அடிப்படை' என்று பெயரிட்டுச் சேமிக்க வேண்டும். இதுதான் தாய்க் காட்சி. மற்றக் காட்சிகள் யாவும் இதன் பிள்ளைகள். இதை அழைத்து, வில்லுப்பாட்டுக்கு வேண்டாத வழிகளை அடைத்து, மானிட்டரை அவர்களுக்கேற்ப மாற்றி, '4 வில்லுப்பாட்டு' என்று வேறு பெயரில் சேமிக்க வேண்டும். தாய்க் காட்சியின்மேல் எதையும் எழுதிவிடாதபடி அதைப் பூட்டி வைக்கும் வசதி யமாஹா போன்ற பலகைகளில் உண்டு. பூட்டிவிடுவதே நன்று.

வேண்டாத வழிகளை அடைப்பது வெறும் ஒழுங்குக்காக மட்டும் அன்று. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றிப் பெருகும்போது 'கூ' என்ற ஊளை எழுகிறதல்லவா? திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் அந்த ஊளையின் எல்லை மூன்று டெசிபெல் நெருங்கி வருகிறது. நான்கு மைக்குகள் போதுமான இடத்தில் பதினாறு திறந்திருந்தால் ஆறு டெசிபெல் இழப்பு. பாடகரின் குரலைச் சற்று உயர்த்தலாம் என்று நினைக்கும்போது உயர்த்த இடம் இராது. காட்சி மாறும்போதே தேவையற்ற மைக்குகள் அடைபட்டால் இந்த இடர் தீர்கிறது.

நினைவு இழைத்த அநீதி

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'பொத்தானை அழுத்தினால் போதும் போலிருக்கிறதே!' என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒரு கல்லூரி விழாவில் நான் அவையில் அமர்ந்து கண்டதைச் சொல்கிறேன். முதலாண்டு மாணவி ஒருத்தி முதன்முறையாக மேடை ஏறினாள். பாடத் தொடங்கிப் பல்லவி முடியும் தறுவாயில், பலகையில் இருந்தவர் அழைக்க வேண்டிய காட்சியைத் தாமதமாக அழைத்தார். ஃபேடர்கள் நகர்ந்தன, அவையில் ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தக் காட்சி மானிட்டரில் தம்பூரா இல்லாதபோது சேமிக்கப்பட்டது. அவள் காலடியில் சுருதி நின்றுவிட்டது. அவையோருக்கு அது தெரியாது. அவளுக்கு மட்டுமே தெரியும். குரல் மெல்ல மெல்ல விலகிற்று. முன்வரிசையில் சிலர் சிரித்தனர். பாட்டை முடிக்காமலே இறங்கிவிட்டாள்.

குற்றம் ஓர் எண்ணில் இருந்தது. பழியோ ஒரு பெண்ணின்மேல் விழுந்தது. 'அவளுக்குச் சுருதி நிற்கவில்லை' என்று பேசிக்கொண்டே கூட்டம் கலைந்தது. இதைக் கடைக்கார அண்ணாவிடம் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டு, "மெஷினுக்கு ஞாபகம் ஜாஸ்தி, புத்தி கம்மி, தம்பி" என்றார். காட்சிகளைப் பற்றி நான் படித்த கையேடுகள் அத்தனையின் சாரமும் அந்த ஒரே வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று.

பலகை நினைவில் வைத்திருப்பது ஒலியையன்று. சேமித்த நொடியில் குமிழ்கள் இருந்த நிலையை. அந்த நொடியில் தவறு இருந்தால் தவறையும் பத்திரமாகக் காத்து வைத்து, உரிய வேளையில் திருப்பித் தரும்! ஆகவே எதை நினைவில் வை என்று சொல்வதைவிட, எதைத் தொடாதே என்று சொல்வதே இக்கலையில் பெரிய பாடம்.

தொடாதே என்னும் கட்டளை

அவ்வாறு கட்டளையிடும் வசதிகள் பலகைகளில் இருக்கவே செய்கின்றன. 'ரீகால் ஸேஃப்' என்பது ஒன்று. ஒரு வழியை அதில் சேர்த்துவிட்டால் எந்தக் காட்சியை அழைத்தாலும் அந்த வழி அசையாது. தொகுப்பாளரின் மைக்கை எப்போதும் இதில் வைக்க வேண்டும். எந்தக் குழப்பம் நேர்ந்தாலும் 'அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க' என்று சொல்ல ஒரு குரலாவது உயிரோடு இருக்க வேண்டுமல்லவா?

யமாஹா பலகைகளில் 'ஃபோகஸ்' என்று மற்றொரு வசதி உண்டு. இன்ன காட்சி இன்னவற்றை மட்டுமே மாற்றலாம் என்று காட்சிதோறும் வரையறுக்கலாம். பட்டிமன்றக் காட்சி ஃபேடரையும் மியூட்டையும் மட்டும் மாற்றட்டும். ஈக்யூவைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எக்ஸ்-32 பலகையில் 'ஸ்னிப்பெட்' என்று ஒன்று இருக்கிறது. முழுக் காட்சியாக இல்லாமல், நாம் தேர்ந்த சில அமைப்புகளை மட்டும் நினைவில் கொள்ளும் சிறு துணுக்கு அது. பதிவிசையை ஏற்றிப் பேச்சு மைக்குகளை அடைப்பது போன்ற சிறு வேலைகளுக்கு அதுவே போதும். குருவியை அடிக்கப் பீரங்கி எதற்கு?

கெயினைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெரிய விழாக்களில் அவைக்கு ஒரு பலகையும் மானிட்டருக்கு ஒரு பலகையுமாக இரண்டு இருக்கும். இரண்டும் மேடையோரத்துப் பெட்டி ஒன்றிலிருந்தே ஒலியைப் பெறும். ஒருவர் அழைத்த காட்சியில் கெயின் மாறினால் மற்றவரின் பலகையிலும் ஒலியின் அளவு மாறிவிடும்; அவர் காரணம் அறியாது திகைப்பார். ஆதலால் ஒத்திகையில் கெயினை நிர்ணயித்த பின் அதைக் காட்சிகளின் பிடியிலிருந்து விடுவித்துவிடுவது நல்லது. சிலவகை மைக்குகளுக்குப் பலகையே 48 வோல்ட் மின்சாரத்தை மைக் கம்பி வழியாக அனுப்புகிறது. காட்சி மாறும்போது இது திறந்த வழியில் அணைந்து எரிந்தால் ஒலிபெருக்கியில் வெடிபோன்ற சத்தம் எழும். காதுக்கும் கேடு, கருவிக்கும் கேடு.

யமாஹா வகையில் காட்சி மாறும்போது ஃபேடர்கள் சட்டென்று தாவாமல் சில விநாடிகளில் மெல்ல நகரும்படியும் செய்யலாம். நடனத்தின் இசை தேய்ந்து மறையும்போது இது மிக அழகாக இருக்கும். ஆனால் பேச்சு மைக்குக்கு இதை வைத்தால் பேச்சாளரின் முதல் இரண்டு சொற்கள் காற்றோடு போகும். அழகுக்கும் இடம் பொருள் ஏவல் உண்டு.

நினைவு அறியாதவை

மாலை மூன்று மணிக்கு வெற்று மண்டபத்தில் சேமித்த காட்சியை ஏழு மணிக்கு அழைக்கிறோம். அதற்குள் ஐந்நூறு பேர் வந்து அமர்ந்துவிடுகின்றனர். வெறும் சுவரும் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும்; மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். கனத்த ஒலியைக் காட்டிலும் நடுவொலியும் கீச்சொலியும் மிகுதியாக உறிஞ்சப்படுகின்றன. ஆதலால் மூன்று மணிக்குக் கணீரென்று கேட்ட குரல் ஏழு மணிக்கு மந்தமாகத் தோன்றலாம். ஒத்திகையில் கூச்சத்தோடு மெல்லப் பாடியவர், அவையைக் கண்டதும் உற்சாகத்தில் குரலை உயர்த்துவார். உடுக்கையின் தோல் ஒத்திகைக்குப் பின் மறுபடி முறுக்கேறியிருக்கலாம். இவற்றில் எதையும் பலகை அறியாது.

எனவே காட்சியை அழைத்த கை உடனே ஃபேடரின்மேல் வர வேண்டும். காது மேடையில் இருக்க வேண்டும். காட்சி நம்மை வாசல் வரையில் கொண்டு வந்து விடும். உள்ளே நடக்க வேண்டியது நாமே.

நிகழ்ச்சியின் நடுவே கையால் செய்த திருத்தங்களின் கதி என்ன? வயலினைச் சற்று உயர்த்தினோம். அடுத்த காட்சிக்குப் போய் மீண்டும் இதே காட்சிக்கு வந்தால் வயலின் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். அத்திருத்தம் நிலைக்க வேண்டுமானால், காட்சியை விட்டு நீங்குமுன் மறுபடி சேமிக்க வேண்டும். சேமிக்குமுன் திரையில் தெரியும் பெயரை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். வில்லுப்பாட்டின்மேல் பட்டிமன்றத்தை எழுதிவிட்டு விழிப்பவர் பலர். விழா தொடங்குமுன் காட்சிகள் அனைத்தையும் ஒரு பென் டிரைவில் நாளும் பெயரும் இட்டுப் படியெடுத்து வைத்தால் உள்ளத்துக்கு அமைதி.

நாம் செய்ய வேண்டியவை

இவற்றைப் படிக்கும் எல்லாரும் பலகையின் முன் உட்காரப் போவதில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் என்றேனும் ஒரு விழாவை நடத்துவோம். அல்லது மேடை ஏறுவோம். விழா நடத்துவோர் நிகழ்ச்சி நிரலை மூன்று நாட்களுக்கு முன்னரே மைக்செட் அண்ணாவிடம் தர வேண்டும். எத்தனை பேர், என்னென்ன கருவிகள், யார் நிற்பார், யார் அமர்வார் என்பதும் அதில் இருக்க வேண்டும். நிரலின் வரிசையே காட்சிகளின் வரிசை. கடைசி நேரத்தில் மூன்றாவதை ஆறாவதாக மாற்றினால், அச்செய்தி முதலில் போக வேண்டிய இடம் பலகை.

மேடை ஏறுவோர் ஒத்திகைக்குத் தவறாமல் வர வேண்டும். உங்களுக்குப் பதிலாக நண்பன் ஒருவன் மைக்கில் 'ஹலோ, ஹலோ' என்றால், பலகை அவன் குரலைத்தான் நினைவில் கொள்ளும்! மானிட்டரில் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தயங்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். சுருதி கேட்கவில்லையானால் பாட்டை நிறுத்திவிட்டு, கேட்கவில்லை என்று கையை உயர்த்துங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை. கேட்பது பாடகரின் உரிமை. கேட்கச் செய்வது பலகையாளரின் கடமை.

அவையில் அமர்வோருக்கும் ஒரு வேண்டுகோள். மேடையில் ஒரு குரல் தடுமாறினால் உடனே நகைத்துவிடாதீர்கள். அக்குரலுக்கும் உங்கள் செவிக்கும் இடையே ஆயிரத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்று அன்று பிறழ்ந்திருக்கலாம். மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் தன்னந்தனியே நிற்கும் ஓர் இளங்குரலுக்கு, பொறிகள் அனைத்தையும்விடப் பெரிய துணை உங்கள் பொறுமையே.